அரிமளத்து வண்டியின் இடது முன்சக்கரம்

சக்கரத்துப் பேரிங்கை இப்போதெல்லாம் உள்ளே மசகு அடைத்து, இரண்டு பக்கமும் தகடு வைத்து மூடியே அனுப்பிவிடுகிறார்கள். சமீபத்தில் என் பழைய பட்டறைப் பக்கம் போயிருந்தபோது, அங்கே வேலை பார்க்கும் தம்பிகள் அப்படி ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து உருட்டிக் காட்டினார்கள்.

"இதுக்குள்ள இனி ஒரு பய கை வைக்க முடியாதுங்கய்யா" என்றான் ஒருவன்.

இன்னொருவன் விடவில்லை. "நீங்க இருந்தவரைக்கும் முன்சக்கரத்து மூடியைப் போடுறதுக்கு முந்தி டிரைவரைக் கூப்பிட்டு உள்ள காட்டி, மோந்து வேற பாக்கச் சொல்லுவீங்களே, அது எதுக்குய்யா? பூசாரி திருநீறு குடுக்குற மாதிரியே இருக்கும். நாங்க அங்கிட்டுத் திரும்பிக்கிட்டுச் சிரிப்போம்."

"அது ஒரு பழக்கம்ப்பா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. இதில் சம்பந்தப்பட்டவர்கள் யாரும் இன்றைக்கு இல்லை. இனி எழுதினால் யாருக்கும் வலிக்காது.

எனக்குச் சொந்த ஊர் குடுமியான்மலைப் பக்கம். சமஸ்தானம் இருந்த காலத்தில் புதுக்கோட்டைக்கு நடந்து வந்து, ஒரு மோட்டார் பட்டறையில் பஸ் கழுவும் வேலைக்குச் சேர்ந்தேன். பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருந்த ஊர்ப் பெயர்களைப் பார்த்துத்தான் தமிழ் படிக்கப் பழகினேன். கழுவியவன் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன், எடுத்துக் கொடுத்தவன் முடுக்கவும் கற்றுக்கொண்டேன். ஜெர்மன் சண்டை தொடங்குகிற சமயத்தில் நான் ஃபிட்டர் ஆகியிருந்தேன். கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான்.

பட்டறையில் தலைமை மெக்கானிக் சூசை மேஸ்திரி. ஒல்லியான ஆள். காக்கி அரைக்கால் சட்டை, காதில் ஒரு பீடித்துண்டு. அந்தப் பீடியைப் பற்றவைத்து நான் பார்த்ததே இல்லை. ஜாக்கி போடுவதற்கு முன் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொள்வார். எஞ்சினில் சத்தம் என்று யாராவது வந்தால், திருப்புளியின் மரப்பிடியைக் காதில் வைத்து, முனையை இரும்பில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். "வண்டி பேசுது, நீங்க கொஞ்சம் பேசாம இருங்க" என்று வண்டிச் சொந்தக்காரர்களிடமே சொல்வார். சமஸ்தானத்துப் பெரிய மனிதர்களெல்லாம் அந்த ஒரு நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

அவரிடம் ஒரு குணம் உண்டு. 'செய்' என்பார், 'வேணாம்' என்பார். ஏன் என்று மட்டும் சொல்ல மாட்டார். நாங்கள் கேட்டால், "காரணம் கேட்டா கை நின்னு போகும் அப்பு. மொதல்ல கை போகட்டும்" என்பார். மனிதர்கள் போகிற போக்கில் சொல்லும் சொல்லைப் பொறுக்கிச் சேர்க்கிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. இந்தச் சொல்லையும் அப்படித்தான் சேர்த்து வைத்திருந்தேன். நல்ல சொல் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அரிமளத்தில் ஒரு செட்டியார் வீட்டில் ஒரு பழைய அமெரிக்க வண்டி இருந்தது. மர ஆரக்கால் வைத்த சக்கரம், கித்தான் கூரை. வாங்கிய காலத்தில் அதைப் பார்க்க ஊரே வந்ததாம். நாங்கள் பார்த்தபோது அதற்குக் கிழப்பருவம். செட்டியாருக்கு ஒரே மகள், வள்ளியம்மை. மாப்பிள்ளை பர்மாவில் கடை வைத்திருந்தார். ஊருக்கு வந்து, சில மாதம் இருந்து, மறுபடி கப்பலேறினார். அவர் போய் இறங்கிய கொஞ்ச நாளிலேயே ரங்கூனில் குண்டு விழுந்தது. அப்புறம் அவரைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. இங்கே வள்ளியம்மை கர்ப்பம்.

முதல் பிள்ளை வீட்டிலேயே பிறந்து, அழாமலே போய்விட்டது. அப்போதே புதுக்கோட்டை ஆஸ்பத்திரி லேடி டாக்டர், "அடுத்த பிரசவம் வீட்டில் வேண்டாம். வலி கண்டதும் இங்கே கொண்டுவந்துவிடுங்கள். தாமதித்தால் தாயும் தங்காது" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாராம். சண்டைக் காலம். பஸ்ஸுக்கெல்லாம் பெட்ரோல் இல்லாமல் பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓட்டினார்கள். அது மேட்டில் நின்றால் ஜனங்கள் இறங்கித் தள்ளவேண்டும். ஆகவே செட்டியார் தம் வண்டியையே நம்பியிருந்தார். கூப்பனில் கிடைத்த பெட்ரோலைச் செலவழிக்காமல் டின்னில் சேர்த்து, பூட்டி வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்து வண்டியின் இடது முன்சக்கரம் முனக ஆரம்பித்தது. மகளை ஏற்றிக்கொண்டு போக வேறு வழி இல்லை. எங்களுக்கு ஆள் வந்தது.

அப்போது பேரிங் கிடைப்பது குதிரைக்கொம்பு. கப்பலில் வருவதெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விடும். மேஸ்திரி திருச்சிராப்பள்ளிக்கு ரயிலேறிப் போய், பழைய இரும்புக் கடைகளில் தேடி, உடைந்த வண்டி ஒன்றிலிருந்து அதே அளவில் ஒரு ஜோடி கழற்றி வந்தார். ஓடின சரக்குதான். ஆனால் உருளைகள் எல்லாம் முகம் பார்க்கிற மாதிரி இருந்தன. துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டே வந்தார்.

எங்களை அரிமளத்துக்குக் கூட்டிப்போக வீட்டு டிரைவர் கருப்பையா மாட்டு வண்டி கொண்டுவந்திருந்தார். அவர் ஆதியில் அந்த வீட்டு வண்டிக்காரர். பழைய டிரைவர் பட்டாளத்துக்குப் போய்விட, செட்டியாரே இவருக்கு மோட்டார் ஓட்டப் பழக்கியிருந்தார். நல்ல தாட்டியான ஆள். பேச்சும் தாட்டிதான்.

"கேட்டீகளா மேஸ்திரி? ஏதாச்சும் சத்தம் வருதா?" என்றார் வழியில்.

"மாட்டு மணிதான் கேக்குது."

"அதான்! கருப்பையா வண்டின்னா மணிச்சத்தம் மட்டுந்தான் கேக்கணும். அச்சு கிரீச்சுன்னு கத்துச்சுன்னா ரோட்டுல போறவன் வாறவன்லாம், 'என்னப்பா, பொண்டாட்டியை அழ வச்சுக் கூட்டிட்டுப் போறியா'ன்னு கேப்பானுக. என்னைய இதுவரைக்கும் ஒருத்தன் கேட்டதில்ல."

வண்டிக்கு அடியில் தொங்கிய மூங்கில் குழாயைக் காட்டினார். அதில் அச்சுக்குப் போடும் மை. வரகு வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அவர் கையாலேயே செய்வது. "வேற எவன் செஞ்ச மையையும் தொட மாட்டேன். எங்க சின்ன ஆச்சி கல்யாணத்துக்கு, பொண்ணு ஏறுன வண்டிக்கு நான்தான் மை போட்டேன்" என்றார். சின்ன ஆச்சி என்று அவர் சொன்னது வள்ளியம்மையை.

வீட்டுப் பக்கவாட்டுக் கொட்டகையில் மோட்டார் நின்றது. மேஸ்திரி பின்சக்கரங்களுக்குக் கல் அணைத்து, சிலுவை போட்டுக்கொண்டு, ஜாக்கி ஏற்றினார். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். அது பல் ஆடுகிற மாதிரி ஆடியது. மூடியைத் திருகிக் கழற்றி, பின்னைப் பிடுங்கி, நட்டை எடுத்து, சக்கரத்தை அலுங்காமல் இழுத்தார். உள்ளே பழைய பேரிங் செதில் செதிலாக உரிந்திருந்தது.

வேலையில் கஷ்டம், சக்கரத்தின் நடுக்குடத்துக்குள் இறுகியிருக்கும் வெளி வளையத்தைத் தட்டி எடுப்பது. பித்தளைக் கம்பியை வைத்து இந்தப் பக்கம் ஒரு தட்டு, எதிர்ப்பக்கம் ஒரு தட்டு என்று மாற்றி மாற்றித் தட்டவேண்டும். ஒரே பக்கம் தட்டினால் கோணிக்கொண்டு குடத்தைக் கிழித்துவிடும். மேஸ்திரி தட்டுவது கொல்லன் தட்டுகிற மாதிரி இருக்காது. தூங்குகிறவனை எழுப்புகிற மாதிரி இருக்கும். திருச்சியிலிருந்து வந்த வளையத்தை உள்ளே இறக்கும்போதும் அப்படியே. தட்டத் தட்ட மொட்டையாக வந்த சத்தம், வளையம் அடியில் உட்கார்ந்ததும் கணீர் என்று மாறும். அந்தச் சத்தம் வந்ததும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

அந்த நேரம் வள்ளியம்மை நிலைப்படியில் வந்து நின்றார். நிறைமாதம். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, "மேஸ்திரி, இந்தக் கெழட்டு வண்டி என்னையத் தாங்குமா? நான் இப்ப ஒரு அரிசி மூட்டை கனம் இருக்கேன்" என்றார்.

"ஒன்னும் கவலைப்படாதீங்க ஆச்சி. போறப்ப ஒரு மூட்டை, வாறப்ப ரெண்டு மூட்டை. அதுக்கும் சேத்துத்தான் போடுறோம்" என்றார் மேஸ்திரி. அவர் வேலை நேரத்தில் வேடிக்கை பேசி நான் கேட்டது அன்று ஒரு தடவைதான்.

"கருப்பையாண்ணே ஓட்டுறதுக்குத் தாங்குமான்னு கேளுங்க. அவரு ஸ்டீரிங்கைப் பிடிச்சுக்கிட்டே ஹை ஹைங்கிறாரு."

"ஆச்சி, அது ஒரு நாளு வாய் தவறி..." என்று கருப்பையா தலையைச் சொறிந்தார். உள்ளேயிருந்தும் யாரோ சிரித்தார்கள்.

பழைய கம்பளி அடைப்பு நைந்துபோயிருந்தது. அதுதான் மசகு வெளியே வராமலும் புழுதி உள்ளே போகாமலும் காப்பது. செட்டியார் பர்மாவிலிருந்து கொண்டுவந்த பழைய கம்பளித் தொப்பியைக் கொடுத்தார். அதை வட்டமாக வெட்டி வைத்தோம். பிறகு மசகு. பட்டறை டப்பாவில் அடியில் ஒட்டிக்கொண்டிருந்ததை வழித்துக் கொண்டுவந்திருந்தோம். மேஸ்திரி அதை உள்ளங்கை அடியில் வைத்து, பேரிங்கை அழுத்தி அழுத்தி, உருளைகளின் மறுபக்கம் புழுவாகப் பிதுங்கி வரும்வரை ஏற்றினார். சக்கரத்தை மாட்டி, ஒரு கையால் சுற்றிக்கொண்டே நட்டை முடுக்கினார். சக்கரம் சுணங்கியதும் நட்டை ஒரு பல் பின்னுக்குத் தளர்த்திப் பின்னைப் போட்டார். விரலால் தொட்டுவிட்டால் போதும், சக்கரம் மூச்சு விடாமல் சுற்றியது.

கருப்பையா குனிந்து மூடிக்குள் பார்த்தார். "என்ன மேஸ்திரி, மூடி காலியாக் கெடக்கு? வழிய வழியப் போட வேணாமா? நம்மகிட்ட மை இருக்குல்ல. கொண்டாரவா?"

"வேணாம்" என்றார் மேஸ்திரி.

"சும்மாதானே கெடக்கு. நல்ல மை."

"வேணாங்கிறேன்ல."

மூடியைத் திருகிப் போட்டுவிட்டார். அவ்வளவுதான் பேச்சு. அதே மாட்டு வண்டியில் எங்களைக் கொண்டுவந்து புதுக்கோட்டையில் விட்டார் கருப்பையா.

அடுத்த வாரம் ஒரு காலையில் செட்டியார் வீட்டு ஆள் சைக்கிளில் பட்டறைக்கு வந்தான். முகத்தைப் பார்த்ததுமே மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். விடியும் முன்பே வலி கண்டிருக்கிறது. வண்டியில் ஏற்றிக் கிளம்பியிருக்கிறார்கள். பாதி வழியில், ஒரு கண்மாய்க் கரையில், இடது முன்சக்கரம் இறுகி நின்று வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அந்த வழியாக வந்த கடலை மூட்டை வண்டி ஒன்றைக் காலி செய்து, அதில் படுக்க வைத்து வந்திருக்கிறார்கள். புதுக்கோட்டை எல்லைக்குள் நுழைந்தபோது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

கண்மாய்க் கரைக்கு நாங்கள் போனபோது வெயில் ஏறியிருந்தது. வண்டி பக்கத்தில் கருப்பையா மட்டும் உட்கார்ந்திருந்தார். சேதி அவருக்கும் எட்டியிருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"என்ன மேஸ்திரி இப்படிப் பண்ணிப்பிட்டீக? எங்க ஆச்சி தண்ணி தண்ணின்னு கேட்டுச்சு மேஸ்திரி. கண்மாய்த் தண்ணியத்தான் மோந்து குடுத்தேன்."

மேஸ்திரி சக்கரத்தடியில் உட்கார்ந்தார். குடம் வெந்து நீலம் பாய்ந்திருந்தது. மூடியைக் குறடு போட்டுத் திருகினார். திறந்ததும் ஒரு வாடை அடித்தது. கருகிய விளக்கெண்ணெயும் வைக்கோலும். மூடி நிறைய, பேரிங் இடுக்கெல்லாம், கறுப்புக் கறுப்பாக மை.

வரகு வைக்கோல் கரி மரச் சக்கரத்துக்கும் இரும்பு அச்சுக்கும் சரி. அங்கே சுற்று மெதுவு, இடைவெளியும் பெரிது. பேரிங்குக்கு அது அரத்தூள். விளக்கெண்ணெய் சூட்டில் இளகி, மேஸ்திரி ஏற்றிய மசகையும் கரைத்துக்கொண்டு தொப்பித் துண்டு வழியாக வெளியே ஓடியிருக்கிறது. மிஞ்சியது கரி மட்டும். அதைத் தின்றுகொண்டு உருளைகள் ஓட முடிந்தவரை ஓடியிருக்கின்றன.

"நான் நல்ல மைதான் போட்டு வச்சிருந்தேன் மேஸ்திரி" என்றார் கருப்பையா பின்னால் நின்றுகொண்டு. "நீங்க போன அன்னைக்கே புதுசாக் கொழைச்சு, மூடி நெறைய வச்சேன். ஆச்சி போற வண்டின்னு வச்சேன். அதையும் மீறி இப்படி ஆயிருச்சே. பழைய இரும்புதானே அது? திருச்சியில கெடந்த பழைய இரும்புதானே?"

நான் வாயைத் திறந்தேன். மேஸ்திரி என் முழங்காலில் கையை வைத்து அழுத்தினார். அந்த அழுத்தல் எனக்கு இன்றைக்கும் முழங்காலில் இருக்கிறது.

"ஆமா கருப்பையா. பழைய இரும்புதான்" என்றார். "நீ போயி அந்த மரத்தடியில உக்காரு. வெயில்ல நிக்காத."

அவர் போனதும், மேஸ்திரி தம் தலைத்துண்டை எடுத்து மூடிக்குள் இருந்ததை வழித்தார். நட்டைச் சுற்றி, இடுக்குகளில், ஆணித்துளையில், எல்லாம் துடைத்தார். துண்டைச் சுருட்டிக் கண்மாய்ச் சேற்றில் மிதித்துப் புதைத்தார். வேலையை எவ்வளவு சுத்தமாகச் செய்வாரோ, அவ்வளவு சுத்தமாக அதையும் செய்தார்.

பிறகு செட்டியார் வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் அவசியமே இல்லாமல், மகளை அதே கடலை வண்டியில் ஊருக்குத் திருப்பிக் கொண்டுபோகிற வழி. எங்களைப் பார்த்து இறங்கினார். சத்தம் போடவில்லை.

"என்ன ஆச்சு மேஸ்திரி?"

"நான் போட்ட பேரிங்கு தாங்கலீங்க ஐயா."

"தாங்கும்னு எம்பொண்ணுகிட்டச் சொன்னீங்களே."

"சொன்னேங்க."

செட்டியார் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். "சரி, போங்க" என்றார். வண்டி நகர்ந்தது. அதன் அச்சு வழியெல்லாம் கிரீச் கிரீச்சென்று கத்திக்கொண்டே போனது. கருப்பையா காதைப் பொத்திக்கொண்டு அதன் பின்னால் நடந்தார்.

திரும்பி வரும்போது நான் கேட்டுவிட்டேன். "ஏன் மேஸ்திரி?"

ஏன் என்று கேட்டால் பதில் சொல்லாதவர் அன்று சொன்னார்.

"செட்டியாருக்கு ஒரு பொண்ணு போச்சு. கருப்பையாவுக்கும் அதே பொண்ணுதான் போச்சு அப்பு. தன் கையாலதான் போச்சுன்னு தெரிஞ்சா, அவன் அந்தக் கண்மாயிலேயே எறங்கிருவான்." இன்னும் கொஞ்சம் நடந்தபின், "அவன் கேட்டான்ல, மை கொண்டாரவான்னு. வேணாம்னு சொன்னேன். கரி அரத்தூளுடா, பேரிங்கைத் தின்னுரும்னு ஒரு வார்த்தை சேத்துச் சொன்னேனா? சொல்லல. அதனால நான் செட்டியார்கிட்டச் சொன்னது முழுப்பொய்யும் இல்ல" என்றார்.

சேதி பரவியது. பெரிய வீட்டு வண்டிகள் எங்கள் பட்டறைக்கு வருவது நின்றது. வந்த ஒன்றிரண்டு பேரும், "அரிமளத்து மேஸ்திரி கை வைக்கப்படாது" என்று சொல்லித்தான் விட்டார்கள். அவர் எந்த ஊர்க்காரர் என்பதையே ஜனங்கள் மாற்றிவிட்டார்கள். முதலாளி நல்லவர்தான், இருந்தும் எத்தனை நாள் வைத்திருப்பார்? ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மேஸ்திரி தம் ஸ்பேனர்களைத் துடைத்து என்னிடம் கொடுத்தார். காதில் இருந்த பீடியை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி காதிலேயே வைத்துக்கொண்டார். ஆலங்குடிப் பக்கம் ஒரு கடலை எண்ணெய் ஆலையில் எஞ்சின் பார்க்கப் போய்விட்டார். அவர் இடத்தில் நான் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்ததை வெளியே சொன்னால் அவர் திரும்பி வரலாம். சொல்லக்கூடாது என்று அவர் வாயால் என்னிடம் கேட்டதுகூட இல்லை. முழங்காலில் ஒரு அழுத்தல், அவ்வளவுதான்.

சண்டை முடிந்து நாளாகி, ஒரு மத்தியானம் கருப்பையா பட்டறைக்கு வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். அந்த நாளுக்குப் பிறகு அவர் மோட்டாரைத் தொடவில்லை, மாட்டு வண்டிதான் என்று கேள்விப்பட்டிருந்தேன். மாப்பிள்ளை பர்மாவிலிருந்து வந்துவிட்டாராம். ரயிலடியில் இறங்கியவரைக் கூட்டிவரப் போனவர் கருப்பையாதான்.

"வழியில எங்கிட்டத்தான் மொதல்ல கேட்டாக. 'வள்ளி எப்படிப்பா இருக்கு, புள்ளை ஓடி வெளையாடுதா'ன்னு. காயிதம் ஒன்னும் போய்ச் சேரல அவுகளுக்கு. நான்தான் சொல்ல வேண்டியதாப் போச்சு." தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எப்படிச் செத்துச்சுன்னு கேட்டாக. பேரிங்கு போயிருச்சுன்னேன். யாரு போட்டதுன்னாக. மேஸ்திரி பேரச் சொல்ல வந்தேன், வாயி வரல. பாவம், அவரும் வேணும்னா செஞ்சாரு? இத்தன வருசமா அந்த மனுசனை நெனைச்சு நெனைச்சுப் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுக்கிறேன். தூக்கமே கெடையாது. போதும்யா. நீங்க எப்பவாச்சும் பாத்தீகன்னா, கருப்பையாவுக்கு இப்ப ஒம்ம மேல கோவம் இல்லன்னு சொல்லிருங்க."

"சொல்லிர்றேன்" என்றேன். வேறு ஒரு சொல்லும் என் வாயிலிருந்து வந்துவிடக்கூடாதே என்று வெற்றிலையை எடுத்து நீட்டினேன். அவரும் வாங்கிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஆலங்குடிக்குப் போனேன். எஞ்சின் சத்தத்தில் மேஸ்திரிக்குக் காது மந்தமாகியிருந்தது. திருப்புளிப் பிடியை வைத்துக் கண்ணை மூடிக் கேட்ட காது. பக்கத்தில் குனிந்து, கருப்பையா சொன்னதை ஒரு சொல் விடாமல் சத்தமாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

"நீ அவன்கிட்ட என்ன சொன்ன?"

"சொல்லிர்றேன்னேன்."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான் மேஸ்திரி."

எண்ணெய்க் குப்பியை எடுத்து எஞ்சினுக்குச் சொட்டுச் சொட்டாக விட்டார். விட்டு முடித்து, துணியில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டார்.

"நல்லது அப்பு" என்றார். "இனிமே அவனுக்குத் தூக்கம் வரும்."